வரிச் செய்திகளில் அடிபடும் ‘மேஜர்’ மெக்கின்லி: யார் இவர், என்ன செய்தார்?

2025 ஜனவரி 20 அன்று இரண்டாம் முறையாக அமெரிக்க அதிபர் பொறுப்பேற்ற டொனால்டு டிரம்ப், பதவியேற்பு உரையிலேயே 120 ஆண்டுகளுக்கும் முன்னால் இறந்துபோன ஒருவரைப் புகழ்ந்தார். வில்லியம் மெக்கின்லி இறக்குமதி வரியாலும் திறமையாலும் நாட்டைப் பெரும் பணக்கார நாடாக்கினார் என்பது அந்தப் பாராட்டின் சாரம். அலாஸ்காவில் உள்ள 6,190 மீட்டர் உயர டெனாலி சிகரத்துக்கு மறுபடியும் மெக்கின்லியின் பெயரைச் சூட்டும் உத்தரவும் அன்றே வந்தது. ஏப்ரலில் உலக நாடுகள் மீது வரி அறிவிப்பு. ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம். திருப்பூர் பின்னலாடைக்காரர்கள் ஆர்டர் கணக்கைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்த அந்த நாள்களில் மெக்கின்லியின் பெயர் நம் பத்திரிகைகளிலும் வந்தது.

பெரும்பாலான செய்திகள் அவரை ‘25-ஆவது அமெரிக்க அதிபர்’ என்று ஒரு வரியில் அறிமுகப்படுத்திவிட்டு நகர்ந்துவிட்டன. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய வரிச் சட்டம் வந்தது 1890-ல். அப்போது அவர் அதிபர் அல்ல, ஒஹாயோ மாநிலத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அதற்கு முன் வழக்கறிஞர். அதற்கும் முன் சிப்பாய். அந்த வரிசையில் பார்த்தால்தான் சட்டமும் புரியும், அதை இன்று மேற்கோள் காட்டுவதில் உள்ள சிக்கலும் புரியும்.

முதலில் சில சொற்கள்

1. இறக்குமதி வரி. வெளிநாட்டுச் சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போது கட்டும் சுங்கம். கட்டுபவர் சரக்கை வரவழைக்கும் உள்நாட்டு வியாபாரி. பிறகு அவர் அதை விலையில் ஏற்றலாம், லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது விற்பவரிடம் பேரம் பேசி அடக்கவிலையைக் குறைக்கலாம். ‘அந்த நாடு நமக்கு வரி கட்டுகிறது’ என்பது மேடைப் பேச்சு. வரியை இரண்டு விதமாகப் போடுவார்கள்: பொருளின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்றோ, எடைக்கு இத்தனை காசு என்றோ.

2. வருவாய் வரியும் காப்பு வரியும். கஜானாவை நிரப்பப் போடுவது வருவாய் வரி. உள்ளூர்த் தொழிலை வெளிப் போட்டியிலிருந்து காக்கப் போடுவது காப்பு வரி. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், ஆனால் இலக்கு எதிரெதிர். வருவாய் வேண்டுமென்றால் சரக்கு வர வேண்டும். காப்பு வேண்டுமென்றால் சரக்கு வரக் கூடாது. இந்த ஒரு முரணைப் பிடித்துக்கொண்டால் மெக்கின்லியின் கதையில் பாதி புரிந்துவிடும்.

3. பரஸ்பரச் சலுகை. நீ என் கோதுமைக்கு வரியைக் குறைத்தால் நான் உன் சர்க்கரைக்குக் குறைக்கிறேன் என்ற ஏற்பாடு.

4. யார் கையில் அதிகாரம். அமெரிக்க அரசமைப்புச் சட்டப்படி வரி போடும் உரிமை காங்கிரஸுக்கு, அதாவது பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த நாடாளுமன்றத்துக்கு. வரி மசோதா பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும். அங்கே அதை வடிவமைப்பது வழிவகைக் குழு. அதன் தலைவர் அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட நிதியமைச்சர் மாதிரி.

சிப்பாய்

மெக்கின்லி 1843 ஜனவரி 29 அன்று ஒஹாயோவின் நைல்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்கு இரும்பு உருக்கும் தொழில். பென்சில்வேனியாவில் உள்ள அலெகேனி கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் கெட்டுப் பாதியில் திரும்பினார். பள்ளியில் பாடம் நடத்தினார், தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். 1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் ஒன்றிய அரசுக்கும் நடந்த போர் அது. அந்த ஜூனில் 18 வயது மெக்கின்லி, 23-ஆவது ஒஹாயோ காலாட்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அந்தப் படைப்பிரிவில் அவருக்கு மேலதிகாரி ரதர்போர்டு ஹேய்ஸ். இவரும் வழக்கறிஞர், பின்னாளில் இவரும் அதிபர். மெக்கின்லியின் வாழ்க்கையில் பல கதவுகளைத் திறந்துவிட்டவர்.

1862 செப்டம்பர் 17, மேரிலாந்தில் ஆண்டீட்டம் சண்டை. செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 23,000 பேர். மெக்கின்லி அன்று படையின் உணவுப் பொறுப்பைப் பார்க்கும் சார்ஜென்ட். பின்வரிசையில் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ சூடான காபியையும் சாப்பாட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குண்டு பாயும் இடத்துக்கே ஓட்டிப்போனார். துப்பாக்கியால் சுட்டதற்காக இல்லாமல் சோறு போட்டதற்காகப் புகழ்பெற்ற போர்வீரர்கள் அதிகம் இல்லை. இதற்காக அவருக்கு அதிகாரி பதவி கிடைத்தது. அந்தப் போர்க்களத்தில் இன்றும் அவர் பெயரில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

1864-ல் ஷெனண்டோவா பள்ளத்தாக்குச் சண்டைகளில் இருந்தார், கேப்டன் ஆனார். போர் முடியும் தறுவாயில் ‘பிரவெட்’ மேஜர் ஆனார். பிரவெட் என்பது கௌரவ உயர்வு. பட்டம் உண்டு, அதற்கேற்ற பொறுப்போ முழுச் சம்பளமோ இல்லை. ஆனால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆளுநரான பிறகும், அதிபரான பிறகும் பழகியவர்களுக்கு அவர் ‘மேஜர்’தான். உள்நாட்டுப் போரில் போராடி அதிபரானவர்களில் கடைசி ஆளும் இவரே.

இந்தச் சிப்பாய் வாழ்க்கைக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம் என்றால், நேரடிச் சம்பந்தமே உண்டு. போர் முடிந்ததும் லட்சக்கணக்கான முன்னாள் வீரர்கள் வடக்கு மாநிலங்களின் மிகப் பெரிய வாக்கு வங்கியானார்கள். பெரும்பாலும் மெக்கின்லியின் கட்சியான குடியரசுக் கட்சிக்காரர்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் தர வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அன்று வருமான வரி கிடையாது. அது நிரந்தரமாக வந்தது 1913-ல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான். ஒன்றிய அரசின் வருவாயில் பாதிக்கும் மேல் இறக்குமதி வரி, மீதியில் பெரும்பகுதி மது, புகையிலை வரி. 1890 ஜூனில் காங்கிரஸ் ஓய்வூதியத்தைப் பெருமளவில் விரிவாக்கியது. சில ஆண்டுகளில் ஒன்றிய அரசின் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு அதற்கே போனது. உயர்ந்த சுங்கமும் வீரர் ஓய்வூதியமும் ஒரே வண்டியின் இரண்டு சக்கரங்கள்.

வழக்கறிஞர்

படையிலிருந்து திரும்பியதும் சட்டம் படிக்கப்போகிறேன் என்றபோது, வியாபாரத்தில் இறங்கினால் சீக்கிரம் முன்னுக்கு வரலாமே என்று ஹேய்ஸே கடிதம் எழுதினார். கேட்கவில்லை. யங்ஸ்டவுனில் ஒரு நீதிபதியிடம் தொழில் கற்றுக்கொண்டு, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி சட்டக் கல்லூரியில் ஓராண்டுக்கும் குறைவாகப் படித்து, 1867-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அன்று அவ்வளவே போதும். ஸ்டார்க் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) தலைநகரான கேன்டனில் அலுவலகம் போட்டார்.

1869-ல் கவுண்டியின் அரசு வழக்கறிஞராகத் தேர்தலில் வென்றார். அமெரிக்காவில் அந்தப் பதவிக்கும் தேர்தல் உண்டு. 1871-ல் மறுபடி நின்று 143 வாக்கில் தோற்றார். அதே ஆண்டு ஐடா சாக்ஸ்டனைத் திருமணம் செய்தார். இரண்டு பெண் குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்தன. மனைவி வலிப்பு நோயாளியானார், வாழ்நாள் முழுக்க மெக்கின்லி அவரைப் பக்கத்திலிருந்து கவனித்துக்கொண்டார்.

அவரை ஊரறியச் செய்த வழக்கு 1876-ல் வந்தது. மேஸிலன் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளிகள் வெளியாள்களை இறக்க, கலவரம் மூண்டது. ஆளுநர் துணைப்படையை அனுப்பினார். அந்த ஆளுநர் வேறு யாருமல்ல, ஹேய்ஸ். கைதான தொழிலாளர்களுக்கு வாதாட வக்கீல் கிடைக்கவில்லை. கட்சியில் பெயர் எடுக்க நினைக்கும் ஒரு இளம் வக்கீல் தள்ளி நிற்க வேண்டிய வழக்கு அது. மெக்கின்லி எடுத்துக்கொண்டார். ஒருவரைத் தவிர அனைவரும் விடுதலையானார்கள். கட்டணம் வாங்கவில்லை. சுரங்க முதலாளிகளில் ஒருவர் மார்க் ஹன்னா. இருபது ஆண்டு கழித்து மெக்கின்லியை அதிபராக்கிய தேர்தல் வேலையைப் பணத்தாலும் மூளையாலும் நடத்தியவர் இதே ஹன்னா!

இந்த வழக்கு அவருக்கு ஒரு மூலதனத்தைக் கொடுத்தது. காப்பு வரியைத் ‘தொழிலாளியின் கூலியைக் காக்கும் வரி’ என்று அவர் பின்னாளில் பேசியபோது, கேட்பவர்கள் அதை முதலாளியின் ஏஜெண்ட் பேசுவதாக நினைக்கவில்லை. 1876 முடிவதற்குள் காங்கிரஸ் தேர்தலில் வென்றார்.

சபையில் பதினான்கு ஆண்டு

1877 முதல் 1891 வரை, இடையில் ஒரு சறுக்கல் நீங்கலாக, பிரதிநிதிகள் சபையில் இருந்தார். சறுக்கல் சுவாரஸ்யமானது. 1882-ல் அவர் வென்ற வித்தியாசம் 8 வாக்கு. எதிராளி முறையிட, ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த சபை 1884 மே மாதம் அவரை நீக்கி எதிராளியை உட்காரவைத்தது. அதே ஆண்டுத் தேர்தலில் திரும்பி வந்தார். ஒஹாயோ சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போகும்போதெல்லாம் அவர் தொகுதியின் எல்லையை மாற்றி வரைந்து தோற்கடிக்கப் பார்த்ததும் உண்டு. தொகுதி மறுவரையறைச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல.

அவர் தொகுதியில் இரும்பு ஆலைகள், மண்பாண்டத் தொழில், கம்பளிக்கு ஆடு வளர்க்கும் விவசாயிகள். மூன்றுக்கும் பிரிட்டிஷ் சரக்கோ வேறு நாட்டுச் சரக்கோ போட்டி. மெக்கின்லிக்குப் பொருளாதாரக் கோட்பாட்டில் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. கட்சிக்காரருக்காக வாதாடும் வக்கீல் எப்படி ஆவணங்களைக் கரைத்துக் குடிப்பாரோ அப்படிச் சுங்க அட்டவணைகளைக் குடித்தார். 1880 டிசம்பரில் வழிவகைக் குழுவில் இடம். 1889-ல் சபாநாயகர் பதவிக்குப் போட்டியிட்டு தாமஸ் ரீடிடம் தோற்றார். வென்ற ரீட், தோற்றவரை வழிவகைக் குழுவின் தலைவராக்கினார்.

1890 சட்டம்: உள்ளே என்ன இருந்தது

அன்றைய பிரச்சினை இன்று கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். அரசிடம் பணம் அதிகமாக இருந்தது. 1880-களில் சில ஆண்டுகளில் உபரி 10 கோடி டாலரைத் தாண்டியது. மக்கள் கையில் புழங்க வேண்டிய பணம் கஜானாவில் முடங்கிக் கிடக்கிறது என்ற புகார். ஜனநாயகக் கட்சி அதிபர் குரோவர் கிளீவ்லாந்து, 1887-ல் காங்கிரஸுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தி முழுவதையும் இந்த ஒரே விஷயத்துக்கு ஒதுக்கினார்: வரியைக் குறையுங்கள், உபரி தானே வற்றும். அடுத்த ஆண்டு அவர் தோற்று, குடியரசுக் கட்சியின் பெஞ்சமின் ஹாரிசன் வந்தார்.

மெக்கின்லியின் பதில் தலைகீழானது. வரியைக் குறைத்தாலும் வருவாய் குறையலாம், சரக்கே வராத அளவுக்கு வரியைக் கூட்டினாலும் வருவாய் குறையலாம். இரண்டாவது வழியில் உள்ளூர்த் தொழிலும் வளருமே! சட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரே ‘வருவாயைக் குறைக்கவும் இறக்குமதித் தீர்வைகளைச் சமன்செய்யவும் பிற நோக்கங்களுக்குமான சட்டம்’ என்றுதான் தொடங்கியது. வரியால் கஜானாவை நிரப்பியவர் என்று இன்று புகழப்படும் மனிதரின் சட்டம், கஜானாவுக்கு வரும் பணத்தைக் குறைப்பேன் என்று தலைப்பிலேயே சொன்ன சட்டம்.

ஹாரிசன் 1890 அக்டோபர் 1 அன்று கையெழுத்திட்டார். முக்கியமான பகுதிகள் நான்கு.

1. பொது உயர்வு. வரிக்கு உட்பட்ட பொருள்கள் மீதான சராசரி வரி சுமார் 38 சதவீதத்திலிருந்து 49.5 சதவீதத்துக்கு ஏறியது. கம்பளித் துணி, விவசாயப் பொருள்கள் எல்லாம் இதில் அடக்கம்.

2. தகரம். வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. மண்ணெண்ணெய் டின், உணவு டப்பா, சமையலறைக் குவளை எல்லாம் இதில்தான். அமெரிக்கா ஏறக்குறைய முழுவதையும் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலிருந்து வரவழைத்தது. உள்நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி தொழிலே இல்லை. வரி ஒரு பவுண்டு எடைக்கு 1 சென்ட்டிலிருந்து 2.2 சென்ட்டாக உயர்ந்தது. இல்லாத தொழிலுக்குக் காப்பு! அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: ஆறு ஆண்டுக்குள் உள்நாட்டு உற்பத்தி இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால், 1897 அக்டோபர் முதல் தகரத்துக்கு வரியே கிடையாது. சலுகைக்குக் கெடு வைக்கும் இந்த ஏற்பாடு என் கணக்கில் சட்டத்தின் மிகப் புத்திசாலித்தனமான வாக்கியம். இன்றைய காப்பு வரிகளில் இப்படி ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

3. சர்க்கரை. சுங்க வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத் தந்தது சர்க்கரை வரி. கச்சாச் சர்க்கரைக்கு அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். உபரியை வற்றவைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. லூசியானா கரும்பு விவசாயிகள் கத்துவார்களே? அவர்களுக்கு அரசே பவுண்டுக்கு 2 சென்ட் மானியம்.

4. பரஸ்பரச் சலுகைப் பிரிவு. சர்க்கரை, சர்க்கரைப்பாகு, தேயிலை, காபி, தோல் ஆகியவை வரியின்றி வரலாம். ஆனால் அவற்றை அனுப்பும் நாடு அமெரிக்கச் சரக்குக்கு நியாயமற்ற வரி போடுவதாக அதிபர் கருதினால், திரும்ப வரி விதித்துக்கொள்ளலாம். இது மெக்கின்லியின் யோசனை இல்லை. வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பிளெய்ன் நச்சரித்து, செனட்டில் சேர்க்கப்பட்டது.

என்ன நடந்தது

முதல் அடி அவருக்கே விழுந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 6. காங்கிரஸ் தேர்தல் நவம்பர் 4. பலன் தெரிய ஆண்டுகள் ஆகும், விலை ஏறவோ நான்கு வாரம் போதும். கடைக்காரர்கள் ‘மெக்கின்லி வரி’ என்று சொல்லியே விலையைக் கூட்டினார்கள். தெருத்தெருவாகத் தகரக் குவளை விற்பவர்களை எதிர்க்கட்சிக்காரர்கள் ஏற்பாடு செய்து, வேண்டுமென்றே கொள்ளை விலை சொல்லவைத்தார்கள் என்றொரு கதை அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வரும். சபையில் குடியரசுக் கட்சியின் பலம் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. எல்லை மாற்றி வரையப்பட்ட தொகுதியில் மெக்கின்லியும் சுமார் 300 வாக்கில் தோற்றார்.

மற்ற விளைவுகள் மெதுவாக, எதிர்பாராத திசைகளில் போயின.

1. வேல்ஸ். லனெஃலி, ஸ்வான்சி வட்டாரத் தகர ஆலைகள் மூடின. வேலை இழந்தவர்களில் பலர் கப்பல் ஏறி அமெரிக்காவின் புதிய ஆலைகளுக்கே வேலைக்குப் போனார்கள். வரி தடுத்தது தகட்டை மட்டுமே, தகடு செய்யத் தெரிந்த ஆளை அது தடுக்கவில்லை.

2. அமெரிக்கத் தகரத் தொழில். உண்மையிலேயே உருவாகி வளர்ந்தது. வரியின் வெற்றிக்கு இதைத்தான் ஆதரவாளர்கள் காட்டுவார்கள். பின்னாளில் நடந்த பொருளாதார வரலாற்று ஆய்வு ஒன்றின் முடிவு வேறு: அமெரிக்க இரும்பின் விலை எப்படியும் இறங்கிக்கொண்டிருந்தது, வரி இல்லாவிட்டாலும் இதே தொழில் சுமார் பத்தாண்டு தாமதமாக வந்திருக்கும், நுகர்வோர் கொடுத்த கூடுதல் விலைக்கு அந்த முந்தல் ஈடாகவில்லை. 1898-ல் ஒரே நிறுவனம் பெரும்பாலான ஆலைகளை வாங்கி விழுங்கியது இன்னொரு பக்கம். வெளிப் போட்டியும் இல்லை, உள் போட்டியும் இல்லை.

3. ஹவாய். 1876 முதல் ஹவாய்ச் சர்க்கரைக்கு மட்டும் அமெரிக்காவில் வரி கிடையாது. எல்லோருக்கும் வரி போனபோது அந்தச் சலுகை செல்லாக்காசானது. விலை விழுந்தது. அமெரிக்காவோடு இணைந்துவிட்டால் உள்நாட்டு விவசாயிக்குத் தரும் 2 சென்ட் மானியம் கிடைக்குமே என்ற கணக்கும் பேசப்பட்டது. 1893 ஜனவரியில் வெள்ளைத் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் அடங்கிய கூட்டம், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையில் நிற்க, ராணி லிலியுகலானியைப் பதவியிலிருந்து இறக்கியது. காரணம் சர்க்கரை மட்டுமே என்று சொல்ல முடியாது, அரச அதிகாரம் பற்றிய சண்டை முன்பே இருந்தது. ஆனால் நெருப்புக்கு எண்ணெய் வார்த்தது ஒஹாயோவின் சபை உறுப்பினர் எழுதிய சட்டம். 1898 ஜூலையில் ஹவாயை அமெரிக்காவோடு இணைக்கும் தீர்மானத்தில் கையெழுத்திட்டவரும் அவரே, அப்போது அதிபராக.

4. கியூபா. அன்று ஸ்பெயினின் காலனி. வரியின்றிச் சர்க்கரை அனுப்பலாம் என்றானதும் கியூபா மொத்தமும் அமெரிக்கச் சந்தையை நம்பிக் கரும்பு போட்டது. 1894-ல் ஜனநாயகக் கட்சி கொண்டுவந்த புதிய சட்டம் கச்சாச் சர்க்கரைக்கு 40 சதவீத வரியைத் திரும்பப் போட்டது. தீவின் பொருளாதாரம் மடங்கி விழுந்தது. 1895 பிப்ரவரியில் ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சி. இங்கும் விடுதலை வேட்கை பழையது, பட்டினி அதற்கு வேகம் கொடுத்தது. அந்தக் கிளர்ச்சிதான் 1898-ல் அமெரிக்காவை ஸ்பெயினோடு போருக்கு இழுத்தது.

ஒரு நாட்டின் சபைக் குழு அறையில் சர்க்கரைக்கு எதிரே ஒரு எண்ணை அடித்துவிட்டு வேறு எண்ணை எழுதுகிறார்கள், எட்டு ஆண்டுக்குள் இரண்டு தீவுகளின் கொடி மாறுகிறது. வரி அட்டவணையைச் சலிப்பூட்டும் தாள் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

நீதிமன்றத்துக்குப் போன கேள்வி

பரஸ்பரச் சலுகைப் பிரிவை எதிர்த்து, சிகாகோவின் பெரிய துணி வியாபார நிறுவனமான மார்ஷல் ஃபீல்டு வழக்குப் போட்டது. வரி போடுவது காங்கிரஸின் வேலை, ‘நியாயமற்றது என்று தோன்றினால் வரி விதித்துக்கொள்’ என்று அதிபரிடம் விட்டது சட்டம் இயற்றும் அதிகாரத்தையே தூக்கிக் கொடுத்தது போல, ஆகவே சட்டம் செல்லாது என்பது வாதம். 1892-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்பதைக் காங்கிரஸே எழுதிவைத்துவிட்டது, ஒரு நிலைமை வந்துவிட்டதா என்று பார்த்து அமல்படுத்துவது மட்டுமே அதிபரின் வேலை என்றது தீர்ப்பு.

இன்றைய சண்டைக்கு வேர் இங்கே இருக்கிறது. 1934-க்குப் பிறகு காங்கிரஸ் வரி அதிகாரத்தில் பெரும் பகுதியைச் சட்டம் சட்டமாக அதிபர்களிடம் கொடுத்துக்கொண்டே வந்தது. 2025 ஏப்ரல் வரிகளுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1977-ஆம் ஆண்டின் நெருக்கடி நிலைப் பொருளாதார அதிகாரச் சட்டம். அந்தச் சட்டத்தில் வரி என்ற சொல்லே இல்லை என்று எதிர்த்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மெக்கின்லியின் வரி பல மாத விசாரணை, இரு சபை விவாதம், நூற்றுக்கணக்கான திருத்தங்கள் எல்லாம் கடந்து வந்தது. பிடிக்காத மக்கள் அடுத்த மாதமே வாக்குச்சாவடியில் பதில் சொன்னார்கள். அவரை முன்மாதிரியாகச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் விட்டுப்போகிறது. அன்றைய அமெரிக்கா வளர்ந்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தடையில்லாமல் ஆட்கள் வந்தார்கள், முதலீடு வந்தது, ரயில் பாதை பரவியது, நிலமும் கனிமமும் குவிந்து கிடந்தன. வளர்ச்சியில் வரியின் பங்கு என்ன என்பதில் பொருளாதார வரலாற்றாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓயவில்லை. 1890 சட்டம் அமலில் இருக்கும்போதே 1893-ல் கடும் நிதி நெருக்கடி வந்ததையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

அதிபர், பிறகு பஃபலோ

தோற்றவர் மீண்ட வேகம் ஆச்சரியமானது. 1892 முதல் நான்கு ஆண்டு ஒஹாயோ ஆளுநர். நடுவில், நண்பர் ஒருவருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தால் 1 லட்சம் டாலருக்கு மேல் கடனில் மூழ்கினார், ஹன்னாவும் மற்ற நண்பர்களும் பணம் திரட்டி மீட்டார்கள். 1893 நெருக்கடிக்கு ஜனநாயகக் கட்சி பழியை ஏற்க, 1896-ல் கேன்டன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பிரச்சாரம் செய்தார். ரயில் ரயிலாக வந்து அவரைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனைத் தோற்கடித்து அதிபரானார். 1897 ஜூலையில் டிங்லி வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டு வரியை மறுபடி உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1898-ல் விரும்பாத போருக்கு நாட்டைக் கொண்டுபோய், பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ, குவாம் தீவுகளை வாங்கிக்கொண்டார். பிலிப்பைன்ஸ் மக்கள் விடுதலை கேட்டபோது கிடைத்தது இன்னொரு போர். அடிமை முறைக்கு எதிரான படையில் நின்ற மனிதர், அதே 1898-ல் வட கரோலினாவின் வில்மிங்டனில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டபோது வாய் திறக்கவில்லை. அவர் வாழ்க்கையில் என்னால் எந்த வகையிலும் சமாதானம் சொல்ல முடியாத பக்கம் இது.

வரி பற்றிய அவர் எண்ணமும் இந்த ஆண்டுகளில் மாறியது. அமெரிக்க ஆலைகள் உள்ளூருக்குத் தேவையானதைவிட அதிகமாக உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டன. இனி விற்க வெளிநாடு வேண்டும். நம் கதவை மூடிக்கொண்டு அடுத்தவன் கதவைத் தட்ட முடியாதே. 1890-ல் பிளெய்ன் நச்சரித்துச் சேர்த்த பரஸ்பரச் சலுகையை இப்போது மெக்கின்லியே கையில் எடுத்தார். அவருடைய தூதர் ஜான் காஸன் பல நாடுகளோடு ஒப்பந்தம் பேசி முடித்தார். செனட் அவற்றைத் தொடாமல் வைத்திருந்தது.

1901 செப்டம்பர் 5. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் அனைத்து அமெரிக்கக் கண்காட்சி. பெரும் கூட்டத்தின் முன் மெக்கின்லி பேசினார். தனித்திருக்கும் காலம் முடிந்துவிட்டது, வர்த்தகப் போர்களால் லாபம் இல்லை, பரஸ்பர ஒப்பந்தங்களே காலத்துக்குப் பொருந்தும், பதிலடி நடவடிக்கைகள் பொருந்தாது என்றார். காப்பு வரியின் மறுபெயராகவே அறியப்பட்டவர் சொன்னது இது.

மறுநாள் அதே கண்காட்சியின் இசைக்கூடத்தில் வரிசையில் வந்தவர்களுக்குக் கை குலுக்கிக்கொண்டிருந்தபோது, லியான் சொல்கோஷ் என்ற அரசெதிர்ப்புவாதி கைக்குட்டைக்குள் மறைத்த துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டான். செப்டம்பர் 14 அன்று மெக்கின்லி இறந்தார். அடுத்து வந்த தியோடர் ரூஸ்வெல்ட் கட்சிக்குள் வரிச் சண்டையைக் கிளப்ப விரும்பவில்லை. காஸன் ஒப்பந்தங்கள் செனட்டில் ஒப்புதல் பெறாமலேயே செத்தன. டிங்லி வரி 1909 வரை அப்படியே நின்றது.